டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்! பிக்கப் வண்டியின் இ.சி.எம் பெட்டிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

முந்திரி, பலா, செங்கல், காய்கறி என எதுவாக இருந்தாலும் கடலூர் - விருத்தாசலம் சாலையில் குள்ளஞ்சாவடி பக்கம் லோடு அடிப்பதற்கு டீசல் பிக்கப் வண்டிகள்தான் கைகொடுக்கின்றன. அப்படி ஓடும் வண்டி ஒருநாள் திடீரென ஸ்டார்ட் ஆகாமல் நின்று, மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு இ.சி.எம் போயிடுச்சு என்று சொன்னால், ஓனருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். வாடகை போச்சு, டியூ நிற்குது, செலவும் பெருசு.

இ.சி.எம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு டீசல் போகணும், எந்த நொடியில் போகணும் என்பதை முடிவு செய்வது இதுதான்.

இந்த எவ்வளவு, எப்போது என்ற கேள்வி கம்ப்யூட்டர் காலத்தில் வந்தது இல்லை. 130 வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதோடு மல்லுக்கட்டினார். பங்க்கில் நாம் தினமும் சொல்வது அவர் பெயரைத்தான்.

யார் இந்த ருடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர் ருடால்ஃப் டீசல். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பா தோல் பொருள் செய்யும் கைவினைஞர்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. ஜெர்மன் குடும்பங்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயது ருடால்ஃப் மட்டும் படிப்புக்காக ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உதவித்தொகையில் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, 1880-ல் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தார். குளிர்பதன இயந்திரத் துறையின் முன்னோடி கார்ல் வான் லிண்டே அவருக்கு ஆசிரியர். பிறகு அவரிடமே வேலையும் பார்த்தார்.

சின்ன ஆட்களுக்கான இன்ஜின்

அப்போது பெரும்பாலும் நீராவி இன்ஜின்தான். எரிக்கும் நிலக்கரியின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி வீண். பெரிய முதலாளியால் மட்டுமே அதை வாங்க முடிந்தது. தச்சர், நெசவாளர் போன்ற சிறு தொழிலாளர்களும் வைத்து ஓட்டக்கூடிய சிக்கனமான இன்ஜின் வேண்டும் என்பது டீசலின் ஆசை.

அவருடைய யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் இல்லையா? காற்றை அழுத்தினால் சூடாகும். சிலிண்டருக்குள் காற்றை மிக அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கலாம், தீப்பொறியே தேவையில்லை என்றார். 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நிலக்கரித் தூளையும் எரிபொருளாக்கலாம் என்பது அவர் எண்ணம். நெய்வேலிக்காரர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும்!

ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையும் க்ரூப் நிறுவனமும் பணம் போட்டன. 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. எரிபொருள் பற்றிக்கொண்டதும் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. ஆனாலும் தன் யோசனை சரி என்று தெரிந்துவிட்டது. நாலு வருஷம் போராடி, 1897 பிப்ரவரியில் நடந்த சோதனையில் 26.2 சதவீதத் திறனைக் காட்டினார். உலகமே திரும்பிப் பார்த்தது.

சிக்கல் எங்கே இருந்தது?

சிக்கல் எரிபொருளை உள்ளே செலுத்துவதில் இருந்தது. கொஞ்சம் முன்னே போனால் இன்ஜின் தட்டும். பின்னே போனால் கரும்புகை, இழுவை இருக்காது. அழுத்தப்பட்ட காற்றால் எரிபொருளை ஊதி உள்ளே தள்ளும் முறையைத்தான் டீசல் பயன்படுத்தினார். அதற்குத் தனி கம்ப்ரஸர் வேண்டும். இன்ஜின் கனமாகிவிட்டது. ஆலைக்கும் கப்பலுக்கும் சரி, வண்டிக்குச் சரிப்படவில்லை.

1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டி ஆலைக்குப் போன முதல் இன்ஜினே மக்கர் செய்தது. சோதனைக்கூடத்தில் நிபுணர் கையில் ஓடியது, வாங்கியவர் கையில் ஓடவில்லை. புகார்களும் வழக்குகளும் சேர்ந்தன. உடல்நலம் கெட்டு அதே வருஷம் சிகிச்சை இல்லத்தில் சேர்ந்தார் டீசல்.

இன்ஜின் மெல்ல மெல்லத் தேறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ஆமாம், நம்ம ஊர் மல்லாட்டை எண்ணெய்தான். 1912-ல் செலாண்டியா என்ற டீசல் கப்பல் பெருங்கடலில் பயணித்தது.

ஆனால் டீசலின் கையில் பணம் தங்கவில்லை. நிலத்திலும் எண்ணெய்த் தொழிலிலும் போட்ட முதலீடுகள் மூழ்கிக் கடன் ஏறியது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவரைக் காலையில் காணவில்லை. படுக்கை கலையாமல் கிடந்தது. சில நாள் கழித்துக் கடலில் ஒரு உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருட்களை மகன் அடையாளம் காட்டினார். எப்படி இறந்தார் என்பது இன்றுவரை முடிவாகாத விவாதம். அப்போது அவருக்கு வயது 55.

அவருக்குப் பிறகு வந்த தீர்வு

1927-ல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்ஷன் பம்ப் தயாரிப்பைத் தொடங்கியது. கம்ப்ரஸர் போனது, டீசல் இன்ஜின் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பரவியது. 1997-ல் பாஷின் காமன் ரெயில் முறை காருக்கு வந்தது. அதில் எவ்வளவு, எப்போது என்ற முடிவை எடுப்பது கம்ப்யூட்டர். டீசல் தேடிய துல்லியம் கிடைத்தது. ஆனால் அவர் மனதில் வைத்திருந்த அதே சின்ன ஆட்களுக்கு, பெட்டி பழுதானால் திறந்து பார்க்கக்கூட வழியில்லாமல் போனது.

மாற்றுவதற்கு முன் என்ன கவனிக்கணும்?

* இ.சி.எம் மேல் பழி போடும் முன் பேட்டரி வோல்டேஜ், எர்த் வயர், ஃபியூஸ், ரிலே, எலி கடித்த வயர், தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர் பின் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* ஒரு சென்சார் ஷார்ட் ஆனால்கூட சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளை விழுந்து, இ.சி.எம் செத்த மாதிரியே காட்டும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

* மாற்றுவதுதான் வழி என்றால் பார்ட் நம்பர் அச்சு அசலாக ஒன்றாக இருக்கணும். வண்டிக்கேற்ற புரோகிராமிங், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பதிவு, ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் பொறித்திருக்கும் கோடு, இவை ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள். இன்ஜெக்டர் கோடு தப்பானால் வண்டி ஓடும், ஆனால் உதறும், புகை தள்ளும்.

* பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் இ.சி.எம் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். நல்ல பெட்டி வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

* பழைய பெட்டியைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில பழுதுகளைச் சரிசெய்து கொடுக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் உண்டு.