பாலையும் மலையும் கடந்த இப்னு பதூதா

பிழைப்புக்காக ஊரை விட்டுப் புறப்படுவது நம் சமூகத்தாருக்குப் புதிதன்று. நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்குக் கரையில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களுமே நம்மில் பலர். ஆகவே, சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் தன்னந்தனியாக வீட்டை விட்டுக் கிளம்பிப் பாதி உலகத்தைச் சுற்றி வந்த இப்னு பதூதா அவர்களின் சரித்திரம் நம்மவர்க்கு அந்நியமாகத் தோன்றாது.

ஹிஜ்ரி 703ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1304இல், மொராக்கோ நாட்டின் தான்ஜியர் துறைமுகத்தில் காஜிகளின் குடும்பம் ஒன்றில் அவர்கள் பிறந்தார்கள். 1325 ஜூன் மாதம், 21ஆம் வயதில், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார்கள். வழித்துணைக்கு ஒரு கூட்டாளியும் இல்லை. சேர்ந்து செல்ல ஒரு காபிலாவும் இல்லை. தாய் தந்தை இருவரும் அப்போது உயிரோடிருந்தார்கள். அந்தப் பிரிவு இரு தரப்பாருக்கும் பெரிய வேதனையாயிருந்தது.

வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பிரயாணம் செய்தார்கள். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வந்து மற்றவர்களையெல்லாம் ஸலாம் கூறி வரவேற்க, இவர்களை விசாரிக்க ஒருவருமில்லை. இளைஞரான அவர்கள் அங்கேயே கண்ணீர் விட்டு அழுதார்கள். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஆறுதல் கூறி, நகருக்குள் செல்லும் வரை கூடவே வந்தார். அறியாத ஊரில் முதன்முதல் கால் வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1326இல் டமாஸ்கஸ் நகரிலிருந்து ஹாஜிகளின் காபிலாவோடு மதீனாவை நோக்கிச் சென்றார்கள். தபூக் என்ற இடத்தில் காபிலா நான்கு நாள் தங்கும். ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டுவதும், எருமைத் தோலால் செய்த பெரிய தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக்கொள்வதுமே அங்கே வேலை. அதற்கப்பால் உள்ள பாலைவனத்துக்கு அஞ்சி இரவும் பகலும் நில்லாமல் நடப்பார்கள். அவ்வழியிலுள்ள ஒரு பள்ளத்தாக்கில் ஒரு வருஷம் அனல்காற்று வீசித் தண்ணீர் வற்றிப்போக, ஒரு மிடறு தண்ணீர் 1,000 தீனாருக்கு விலையேறியதாம். முடிவில் விற்றவரும் மாண்டார், வாங்கியவரும் மாண்டார். இச்செய்தி அங்கே ஒரு பாறையில் எழுதப்பட்டிருந்ததாக அவர்கள் தம் நூலில் குறித்துள்ளார்கள். தண்ணீர்மலை என்று ஊருக்கே பெயர் வைத்து வாழும் நாமும், விலை சொல்லி வியாபாரம் செய்யும் நாமும் இதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

அதையடுத்து ஹிஜ்ர் என்னும் இடம். ஸமூது கூட்டத்தாரின் செந்நிறப் பாறைகளில் குடைந்த மனைகள் அங்கே நிற்கின்றன. தாகம் எவ்வளவு இருந்தாலும் ஹாஜிகள் அவ்விடத்துத் தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த இடமாகையால் வேகமாகக் கடந்து போவார்கள்.

ஹஜ்ஜை முடித்த பின்னும் அவர்களுக்கு ஊர் திரும்ப மனம் வரவில்லை. கூடுமானவரை ஒருமுறை போன வழியில் மறுமுறை போவதில்லை என்பதைத் தமக்கு விதியாக வைத்துக்கொண்டார்கள். ஈராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி எனச் சுற்றி டில்லியை அடைந்து, முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாயிருந்தார்கள். சீனாவுக்குச் சுல்தானின் தூதராக அனுப்பப்பட்டபோது, கள்ளிக்கோட்டைக் கடலில் புயலடித்துக் கப்பலும் காணிக்கைப் பொருள்களும் அழிந்தன. பிறகு மாலத்தீவு சென்று அங்கும் காஜியாயிருந்தார்கள்.

1344இல் இலங்கையின் புத்தளத்தில் இறங்கினார்கள். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு அனுப்பி வைத்தார். அத்துணையில் யோகிகளும் பிராமணர்களும் இருந்தனர். மலையில் ஏறுவதற்கு 10 சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்த்தவர் அச்சத்தால் கலிமாவை ஓதிவிடுவார் என்பதே காரணம்.

பின்பு நம் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து மதுரை சென்றார்கள். அங்கே ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவர்களுக்கு மனைவி வழியில் உறவினர். ஆனாலும் அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைத் தம் நூலில் அவர்கள் மறைக்கவில்லை, கண்டித்தே எழுதினார்கள். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்த சமயம் அவர்களுக்கும் காய்ச்சல் கண்டது. நம் வீட்டுப் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து, அல்லாஹ்வின் அருளால் குணமடைந்தார்கள். அதற்குப் பிறகு மேற்குக் கடலில் கொள்ளைக்காரர்கள் கால்சட்டை ஒன்று தவிர உடைமை எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர். அப்படியும் பிரயாணத்தை நிறுத்தாமல், வங்காளம் சென்று, சுமத்திராவின் சமுத்திரா-பாசை நகரில் சுல்தானைக் கண்டு, சீனா வரை போனார்கள்.

1348இல் திரும்பும் வழியில் டமாஸ்கஸில் ஒரு செய்தி காத்திருந்தது. தந்தையார் மௌத்தாகி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த ஆண்டு மொராக்கோவை எட்டியபோது, தாயாரும் கொள்ளைநோயால் சில மாதங்களுக்கு முன் மறைந்த செய்தி கிடைத்தது. 24 ஆண்டு கழித்து வந்த மகன் அன்னையின் கபுருக்குத்தான் போகமுடிந்தது.

1352இல், 48ஆம் வயதில், சஹாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டார்கள். 25 நாள் நடந்து தகாசா என்ற ஊரை அடைந்தார்கள். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டியவை. கூரை ஒட்டகத் தோல். ஒரு மரமும் கிடையாது. அங்கே வெட்டும் உப்பு, ஒட்டகச் சுமை ஒன்றுக்கு வலாத்தா நகரில் 8 முதல் 10 மிஸ்கால் பொன் விலை போகும். மாலி தலைநகரில் 20 முதல் 40 வரை ஏறும். தூரமும் தாகமும் சேர்ந்து விலையை ஏற்றும் கணக்கு நம் கடைக்காரர்களுக்குப் புரியும்.

அப்பயணத்தில் ஒருவர் உறவினரோடு சச்சரவிட்டுப் பின்தங்கினார். வழி தவறியவர் திரும்பவில்லை. அன்று முதல் இப்னு பதூதா அவர்கள் காபிலாவை விட்டு முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. தனியாகப் புறப்பட்டவர்கள், கூட்டத்தோடு சேர்ந்து நடப்பதன் அவசியத்தைப் பாலைவனத்தில் கண்டார்கள்.

மாலி நாட்டில் அவர்கள் மெச்சியது ஒன்றுண்டு. அங்கே வெளிநாட்டு வர்த்தகர் இறந்துபோனால், அவர் பொருளை எவரும் தொடமாட்டார்கள். உரிய வாரிசு வந்து பெறும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் அது அமானிதமாக இருக்கும். அந்நிய மண்ணில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன!

நாடு திரும்பியபின், சுல்தானின் ஆணைப்படி அவர்கள் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதி, 1355இல் நூல் முடிவு பெற்றது. அதற்குப் பின் மொராக்கோவிலேயே காஜியாகக் காலம் கழித்து மறைந்தார்கள். அவர்கள் சென்ற தூரம் 70,000 மைலுக்கு மேல் எனக் கணக்கிடுகிறார்கள்.

அன்பர்களே! தந்தை மறைந்த செய்தி மகனை அடைய அன்று 15 ஆண்டு பிடித்தது. இன்று கைப்பேசி நம் சட்டைப் பையில் கிடக்கிறது. ஊரில் வயதான தாய் தந்தையர் உள்ளவர்கள் இன்றிரவு கடை அடைத்ததும் அவர்களோடு பேசுங்கள். இப்னு பதூதா அவர்கள் மீது அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.