சுருதிக்கு அளவு தேடிய சுருளிமலை மாணவர்

நமது கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிமலை, அருவியால் பெயர் பெற்றது. தமிழிசை வரலாற்றிலும் அம்மலைக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். அவ்விடத்தைப் பெற்றுத் தந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஆவார்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், தென்காசிப் பகுதியைச் சேர்ந்த சாம்பவர்வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியப் பணியும் ஆற்றினார். இசையும் வயலினும் பயின்றது அந்நகரில்தான். சித்த மருத்துவத்தில் கொண்ட நாட்டம் அவரைச் சுருளிமலைக்கு இட்டு வந்தது. இங்கே கருணானந்தர் என்னும் முனிவரை அடுத்து மருந்து முறைகளைக் கற்றார். அக்குருவை அவர் வாழ்நாள் முழுதும் மறந்தாரில்லை. தாம் செய்த மருந்துக்கும் தஞ்சையில் அமைத்த தோட்டத்திற்கும் அவர் பெயரையே சூட்டினார். அவர்தம் பெருநூலின் பெயரும் அதே கருணையில் தொடங்குவதைக் காண்கிறோம்.

1883இல் தஞ்சை சென்ற பண்டிதர், சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, பின்னர் மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். பெரும்பொருள் சேர்ந்தது. அப்பொருளை அவர் செலவிட்ட வகையே நம் கருத்துக்கு உரியது. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை வல்லுநர்களைத் தஞ்சைக்கு அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை, அவற்றின் அளவு யாது என்பதே அங்கு எழுந்த தலையாய வினாவாகும்.

இவ்வினா ஏன் எழுந்தது? குருவின் வாய்ப்பாட்டைக் கேட்டுச் சீடன் பாடும்வரை சுருதிக்கு அளவு வேண்டுவதில்லை, செவியே அளவுகோல். பாட்டைத் தாளில் எழுதி, முகமறியாத ஒருவர் அதைப் படித்துப் பாட வேண்டுமாயின், ஒவ்வொரு குறியும் எந்த ஒலியைச் சுட்டுகிறது என்பது உறுதிப்பட வேண்டும். மாணவர்க்கெனச் சுரக்குறிப்புடன் பாடல்களை வெளியிட்ட பண்டிதருக்கு இத்தேவை நன்கு விளங்கியிருந்தது.

சார்ங்கதேவர் முதலியோர் கூறிய 22 சுருதிகளை அவர் ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆதாரமாகக் கொண்டு, ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாகவும், அவற்றை மேலும் பகுத்து 24 சம அலகுகளாகவும் கொள்வதே பழந்தமிழர் முறை என வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்து, தம் மகளிரைப் பாடச் செய்து மெய்ப்பிக்க முயன்றார். 1917இல் 1,000 பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1919 ஆகஸ்டு 31 அன்று அவர் மறைந்தார்.

அவர் கொள்கையை அறிஞர் அனைவரும் ஒப்பினர் எனக் கூறுவதற்கில்லை. சம அளவுக்குள் கமகத்தை அடக்க இயலுமா என்ற ஐயம் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. ஆயினும் அவர் எழுப்பிய வினா தமிழகத்தோடு நின்றதன்று. பாக்தாதில் வாழ்ந்து 1294இல் மறைந்த ஸஃபியுத்தீன் அல்உர்மவீ ஸ்தாயியை 17 ஆகப் பகுத்து, எழுத்துகளால் இசையைக் குறித்தார். 19ஆம் நூற்றாண்டில் லெபனானைச் சேர்ந்த மிக்காயீல் மிஷாக்கா, பண்டிதரைப் போலவே 24 சமப் பகுதிகளை விளக்கி எழுதினார். 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் அதுவே பெரும் விவாதமாயிற்று. துருக்கியர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் ஒரு முழுச்சுரத்தை 9 கோமாக்களாகவும், ஸ்தாயியை 53 ஆகவும் கணக்கிடுவர்.

ராஸ்த் என்னும் மகாமை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் சுரம் அரபு வழக்கில், நமது சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் ஏறத்தாழ நடுவே நிற்கும். துருக்கிய வழக்கிலோ அந்தர காந்தாரத்தை ஒட்டி, ஒரு கோமா அளவே தாழ்ந்து நிற்கும். பெயர் ஒன்று; ஒலி வேறு; குறியும் வேறு. எனவே இசை அச்சுக்கோக்கும் கணினி மென்பொருளான லில்லிபாண்ட், அரபு இசைக்கும் துருக்கிய இசைக்கும் தனித்தனிக் கோப்புகளை வைத்துள்ளது. முன்னதில் குறுக்குக்கோடிட்ட தாழ்சுரக்குறி. பின்னதில் இடவலமாகத் திருப்பிய தாழ்சுரக்குறி. மியூஸ்ஸ்கோர் மென்பொருளிலும் இத்தகைய குறிகள் உள்ளன. இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

அச்சகத்தையே சொந்தமாக நிறுவித் தம் நூலை வெளியிட்டார் பண்டிதர். இன்றோ நம் மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்தே எந்நாட்டு இசையையும் குறித்து அச்சிடலாம். ஆனால் எந்தக் குறியை இடுவது என்பதைக் கணினி சொல்லாது. பாடுவோர் ஒலியைக் கேட்டு, அளந்து, அம்மரபு அறிந்தோரிடம் வினவியே முடிவு செய்தல் வேண்டும். அரபுப் பாட்டைப் பியானோவின் 12 சுரங்களுக்குள் எழுதிவிட்டால் தாளில் அது ஒழுங்காகத் தோன்றும். படித்துப் பாடுவோர் வாயில் ராஸ்த் இராது. நம் ஊர்ப் பெரியோர் வழிவழியாகப் பாடிவரும் பாடல்களுக்கும் இந்நிலை நேரலாம். அவற்றை எழுத முனைவோர், முதலில் சுருதிக்கு அளவு காணவே தம் செல்வத்தைச் செலவிட்ட பண்டிதரை நினைவிற் கொள்வாராக.