இரு நாடுகளை இணைத்த நட்பு

நாடுகளுக்கிடையே உடன்படிக்கைகள் கையெழுத்தால் உருவாகின்றன; அவை நிலைத்து நிற்க மனிதர்களின் நம்பிக்கை வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் காட்டியவர் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்.

1757ஆம் ஆண்டு பிரான்சில் உயர்குடியில் பிறந்த அவர், இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை ஆங்கிலேயருடனான போரில் இழந்தார். அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போரிடுவதை அறிந்து, அரசரின் தடையை மீறித் தம் செலவில் கப்பல் வாங்கி, 1777இல் தம் 19ஆம் வயதில் அமெரிக்கா சென்றார். ஊதியம் பெறாது படையில் சேர்ந்த அவ்விளைஞர்மீது, மக்கட்பேறில்லாத தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தந்தைக்குரிய பரிவு கொண்டார். பிராண்டிவைன் போரில் காலில் குண்டடிபட்ட லஃபாயெட், வேலி ஃபோர்ஜ் பாசறையின் கடுங்குளிரை வாஷிங்டனோடு பகிர்ந்துகொண்டார்.

1778 பிப்ரவரியில் பிரான்சும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வாண்டே அதற்குச் சோதனை வந்தது. நியூபோர்ட் முற்றுகையின்போது புயலில் சேதமுற்ற பிரெஞ்சுக் கடற்படை, பழுதுபார்ப்பதற்காகப் பாஸ்டனுக்குச் சென்றது. தாங்கள் கைவிடப்பட்டதாகக் கருதிய அமெரிக்கத் தளபதிகள் வெகுண்டனர். தம் நாடு பழிக்கப்பட்டதெனக் கண்டு லஃபாயெட்டும் சினந்தார். வாஷிங்டன் கடிதம் எழுதி அவரை ஆற்றுப்படுத்தியதோடு, இருதரப்பையும் இணக்கப்படுத்த அவருடைய துணையையே நாடினார். பிளவு தவிர்க்கப்பட்டது.

1779இல் தாயகம் திரும்பிய லஃபாயெட், அமெரிக்காவுக்குப் படை அனுப்புமாறு அரசை வலியுறுத்தினார். மறு ஆண்டு ரோஷாம்போ தலைமையில் 5,000க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்திறங்கினர். ஏழாண்டுப் போரில் இழந்த பெருமையை மீட்க விழைந்த பிரான்சின் நலனும் இவ்வுதவியில் கலந்திருந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை சரணடைந்தது. பின்னாளில் இந்தியாவில் திப்பு சுல்தானை எதிர்த்துப் போரிட்ட காரன்வாலிஸ் இவரே.

நட்பின் எல்லையையும் காலம் காட்டியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792இல் நாட்டைவிட்டு வெளியேறிய லஃபாயெட்டை ஆஸ்திரியப் படையினர் பிடித்தனர். ஐந்தாண்டுகள் அவர் சிறையில் வாடினார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டன், ஐரோப்பியப் போரில் தம் நாடு நடுநிலை வகிக்கும் என 1793இல் அறிவித்திருந்தார். நண்பருக்காக நாட்டைப் போரில் ஈடுபடுத்த அவர் துணியவில்லை. ஆயினும் தம் சொந்தப் பணத்தை நண்பரின் மனைவிக்கு அனுப்பினார். ஆஸ்திரியப் பேரரசருக்குத் தனிமுறையில் வேண்டுகோள் விடுத்தார். தம் பெயரையே தாங்கிய நண்பரின் மகனுக்குத் தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தார். நாட்டின் கடமை வேறு, நண்பரின் கடமை வேறு என்பதை உணர்ந்து இரண்டையும் நிறைவேற்றினார்.

விடுதலை பெற்ற லஃபாயெட் 1834இல் பாரிசில் காலமானார். அமெரிக்காவின் பங்கர் குன்றிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த மண் அவரது கல்லறையில் இடப்பட்டது.