கைத்தொழிலாளர்க்கு வங்கி கண்ட பெரியார்

ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்குதல் நம்மவர்க்குப் புதியதன்று. ஜேர்மனியிலே அவ்வாறு பெயர்பெற்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் ஹேர்மன் ஷூல்சே என்பார். 1848ஆம் ஆண்டிலே பிரஷியத் தேசிய சபைக்கு அவர் தெரிவு செய்யப்பட்டபோது, ஷூல்சே என்னும் பெயருடையார் அச்சபையிற் பலர் இருந்தமையால், அவர்தம் ஊராகிய டேலிச்சின் பெயரையுங் கூட்டி ஷூல்சே-டேலிச் என அழைக்கலாயினர். அப்பெயரே நிலைத்துவிட்டது.

1808 ஓகஸ்ட் 29ஆந் திகதி பிறந்த அவர், சட்டம் பயின்று, பின்னர்த் தம் ஊரிலேயே நீதிபதியாயினார். 1846, 1847ஆம் ஆண்டுகளில் விளைவு குன்றிப் பஞ்சம் வந்துற்றது. அப்போது தானியம் வாங்கி, அரைப்பித்து, அப்பஞ் சுடுவித்து ஏழைகட்கு வழங்கும் பணியை முன்னின்று நடத்தினார். அறத்தின் பயனையும் அதன் எல்லையையும் அவர் அறிந்துகொண்ட காலம் அது. பசித்தவனுக்கு ஒருவேளை உணவு கொடுத்தல் எளிது. மறுநாள் அவன் தன் தொழிலால் உண்ணுமாறு செய்தல் அரிது.

தேசிய சபையிலே கைத்தொழிலாளரின் விண்ணப்பங்களை ஆராயுங் குழுவிற்கு அவர் தலைமை தாங்கினார். தச்சருஞ் செருப்புத் தைப்போரும் இயந்திரசாலைகளோடு போட்டியிட மாட்டாது நலிந்தனர். தோலையும் மரத்தையும் வணிகரிடம் கடனாகப் பெற்று, கூடிய விலை கொடுத்தனர். அக்கால வங்கிகளோ பெருவணிகரையே நோக்கின. ஈடுவைக்க நிலமில்லாதவனுக்கு வட்டிக்காரனைத் தவிர வேறு புகலில்லை.

ஆகவே 1849இல் தச்சரையுஞ் செருப்புத் தொழிலாளரையும் தனித்தனிச் சங்கங்களாகக் கூட்டி, மூலப்பொருள்களை மொத்தமாக வாங்கச் செய்தார். 1850இல் கடனுதவும் சங்கமொன்றையுந் தொடங்கினார். எனினும் அதன் முதற்பணம் பெரிதும் செல்வரின் உதவியால் வந்தது. அவ்வாண்டிலேயே அயலூராகிய ஐலன்பர்க்கில், பேர்ன்ஹார்டி என்னும் வைத்தியர் முதலாயினோர் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். கடன்பெறுவோரே சங்கத்தின் உரிமையாளர். சங்கத்தின் கடனுக்கு எல்லோருந் தம் உடைமை முழுவதாலும் பிணையாவர். இம்முறையின் உயர்வைக் கண்ட ஷூல்சே, 1852இல் தம் சங்கத்தையும் அவ்வாறே மாற்றியமைத்தார். தாம் தொடங்கியதைப் பிறர் வழியினால் திருத்திக்கொள்ளக் கூசாத இப்பண்பை யான் பெரிதும் மதிக்கின்றேன்.

இம்முறை இயங்கிய வகை எளியது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் சிறுதொகையை மாதந்தோறுஞ் செலுத்திப் பங்கு சேர்த்தனர். வெளியார் தம் சேமிப்பையும் வைப்பாக இட்டனர். தனியொரு தச்சனை நம்பாத உலகம், நூறு தச்சர் ஒருங்கே பிணைநின்றபோது நம்பியது. கடன் குறுகிய தவணைக்கே, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கே கொடுக்கப்பட்டது. ஒருவன் தவறினால் ஏனையோர் இறுக்க வேண்டுமாதலின், கடன் கேட்பவனின் தொழிலையும் ஒழுக்கத்தையும் யாவரும் ஆராய்ந்தனர்.

அரசினர் அவரை விரும்பினாரல்லர். தேசிய சபையின் வரிமறுப்புத் தீர்மானத்தை ஒட்டி 1850இல் வழக்குத் தொடுத்தனர். அதில் விடுதலை பெற்றவரைப் போசன் மாகாணத்துக்கு மாற்றினர். 1851இல் அவர் பதவியைத் துறந்து சங்கப் பணியை மேற்கொண்டார். 1863இல் லசால் என்பார், தொழிலாளர்க்கு அரசே முதல் வழங்கவேண்டுமென வாதித்து அவரை எதிர்த்தார். அரசின் பணம் வந்தால் அதன் ஆணையும் உடன்வரும் என்பது ஷூல்சேயின் அச்சம். அவர் அரசிடம் வேண்டியது சட்டம் ஒன்றே. 1867இல் பிரஷியாவிற் கூட்டுறவுச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்னரே, 1865இல், சங்கங்களுக்குத் துணையாகப் பேர்லினிலே ஒரு வங்கியும் எழுந்தது. 1883 ஏப்பிரல் 29ஆந் திகதி அவர் பொட்ஸ்டாமில் உயிர்நீத்தார்.

அவருக்குப் பின் நிகழ்ந்தனவுஞ் சிந்திக்கத்தக்கன. 1889ஆம் ஆண்டுச் சட்டம் அளவுபட்ட பொறுப்புக்கும் இடமளித்தது. 1895இல் பிரஷிய அரசே கூட்டுறவு மத்திய வங்கியொன்றை நிறுவியது. அவர்காலத்துப் பேர்லின் வங்கியோ 1904இல் பெருவங்கி ஒன்றனுட் கலந்து மறைந்தது. தன்முயற்சி மாத்திரம் போதுமென்றவர் கருத்து முற்றிலும் வென்றதென யான் சொல்லேன். ஊர்ச்சங்கம் என்னுங் கிணறு வற்றுங்காலத்து ஊற்றாக உதவ நாட்டின் நிதியமைப்பும் வேண்டும். ஆயினும் கிணற்றை வெட்டவேண்டியவர் ஊரவரே.

இவர் கொள்கையும், உழவர்க்குச் சங்கங்கண்ட ரைபைசனின் கொள்கையுஞ் சென்னையிலே நிக்கல்சன் எழுதிய அறிக்கைகளின் வாயிலாக நம் பக்கம் வந்தன. 1904இல் இந்தியாவிலும், 1911இல் இலங்கையிலும் சட்டங்கள் தோன்றின. நம் முன்னோர் அச்சங்கங்களை ஐக்கிய நாணய சங்கம் என்றனர். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல் வழங்குவதை மாணவர்க்கு யான் எடுத்துக்காட்டுவதுண்டு. ஈடில்லாத தொழிலாளிக்கு அவன் நேர்மையே ஈடாகும் என்று ஷூல்சே நிறுவிக்காட்டினார். நம் கணக்கேடுகளைத் தூய்மையாக வைத்து, வாங்கிய கடனைத் தவணையில் இறுத்தலே அப்பெரியார்க்கு நாம் செய்யத்தக்க சிறப்பாகும்.