காத்திருக்கும் செஷன்களும் ஜிம் கிரேயும்

மினி ப்ராஜெக்ட் டெமோ நடக்குது. எக்ஸ்டர்னல் எதிர்ல உட்கார்ந்திருக்கார். நீங்க 'சேவ்' பட்டனை அழுத்துறீங்க. வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எரரும் வரல, ரிசல்ட்டும் வரல. விஷயம் என்னன்னா, பக்கத்து சிஸ்டத்துல உங்க டீம்மேட் அதே வரிசையில ஒரு அப்டேட் அடிச்சுட்டு, கமிட் பண்ணாமலே டீ குடிக்கப் போயிட்டார். அவரோட செஷன் பிடிச்சு வச்சிருக்கிற பூட்டுக்காக உங்க செஷன் வாசல்ல நிக்குது.

இதுக்கு வைத்தியம் நமக்குத் தெரியும். செஷன் லிஸ்ட்டை எடுத்து, யாரு யாரை மறிச்சிருக்காங்கன்னு பார்த்து, அந்த நம்பரைக் கொடுத்து 'கில்'. அடுத்த நொடி உங்க சேவ் முடிஞ்சிடும். டீம்மேட் பாதியில விட்ட அப்டேட் இருந்த தடமே இருக்காது. ஓடிக்கிட்டிருந்த ஒரு வேலையை நடுவுல வெட்டிவிட்டும் டேட்டா ஏன் கெடலைன்னு யோசிச்சிருக்கீங்களா? டிபிஎம்எஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுட்டுத் தாண்டுற இந்த விஷயத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேல உழைச்சவர்தான் ஜிம் கிரே.

ரோம், பெர்க்லி, சான் ஹோசே

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே 1944 ஜனவரி 12-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா ராணுவத்துல இருந்ததால குழந்தைப் பருவத்தின் முதல் சில வருஷங்கள் ரோம் நகரத்துல கழிஞ்சது. அதனால இங்கிலீஷுக்கு முன்னாடியே இத்தாலியன் பேசக் கத்துக்கிட்டார். பிறகு அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சாங்க. டீச்சரா இருந்த அம்மாதான் அவரை சான் பிரான்சிஸ்கோவில் வளர்த்தாங்க. இந்த அம்மாவை ஞாபகம் வச்சுக்கோங்க.

1961-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். 1969-ல் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் முதல் பிஎச்.டி. பட்டம் வாங்கினவர் இவர்தான். சில வருஷம் கழிச்சு சான் ஹோசேயில் உள்ள ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். டேட்டாவை டேபிள் டேபிளா வைக்கலாம்னு எட்கர் காட் 1970-ல் பேப்பர்ல எழுதியிருந்தார். அதை நிஜமா ஓட வைக்கிறதுக்காக அங்கே 'சிஸ்டம் ஆர்'னு ஒரு ப்ராஜெக்ட் நடந்தது. நாம இன்னைக்கு எழுதுற எஸ்க்யூஎல் பிறந்ததும் அங்கேதான். அந்த டீம்ல கிரே எடுத்துக்கிட்ட பகுதி, ஒரே டேட்டாவை ஒரே நேரத்துல பல பேர் தொட்டா என்ன ஆகும் என்பது.

பட்டறையில ஒரு டெட்லாக்

எங்க ஊர் மயிலாடி. கன்னியாகுமரி மாவட்டத்துல கல்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு பட்டறையை நினைச்சுக்கோங்க. ஒரே ஒரு கட்டிங் மெஷின், கல்லைத் தூக்க ஒரே ஒரு செயின் பிளாக். ஒருத்தர் மெஷினைக் கையில வச்சுக்கிட்டு செயின் பிளாக்குக்காக நிக்கிறார். இன்னொருத்தர் செயின் பிளாக்குல கல்லை மாட்டிட்டு மெஷினுக்காக நிக்கிறார். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை, ஆனா ரெண்டு பேரும் கையில இருக்கிறதை விட மாட்டாங்க. பொழுது சாயிற வரைக்கும் ஒரு கல்லும் நகராது. டெட்லாக்னா இவ்வளவுதான்.

1976-ல் எஸ்வரன், கிரே, லோரி, டிரெய்கர்னு நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. முதல் பேர் கபாலி எஸ்வரன். (மயிலாப்பூர்க்காரங்க ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காரலாம்.) நாம படிக்கிற டூ-ஃபேஸ் லாக்கிங் அதுல இருந்து வந்ததுதான். தேவையான பூட்டுகளை எடுத்துக்கிட்டே போ, ஒண்ணை விட ஆரம்பிச்சுட்டா அப்புறம் புதுசா எதையும் எடுக்காதே. இந்த ஒரு விதியை எல்லாரும் மதிச்சா, எத்தனை பேர் ஒண்ணா வேலை செஞ்சாலும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் செஞ்ச மாதிரியே முடிவு வரும்னு நிரூபிச்சாங்க. டேபிள் முழுசையும் பூட்டணுமா, ஒரு வரிசையை மட்டும் பூட்டினா போதுமாங்கிறதுக்கும் கிரே டீம் வழி சொன்னது. ஹாஸ்டல்ல ஒரு ரூம் உள்ளே ஆள் இருந்தா, மெயின் கேட்லயே ஒரு சீட்டு ஒட்டி வைக்கிற மாதிரி. முழு ஹாஸ்டலையும் பூட்ட வர்றவர் ஒவ்வொரு ரூமா தட்டிப் பார்க்க வேண்டாம். இன்டென்ஷன் லாக்னு புக்ல இருக்கிறது அதுதான்.

இந்த விதிக்கு ஒரு விலை உண்டு, அது டெட்லாக். நல்லவேளையா அது ஒரு வட்டம். யாரு யாருக்காகக் காத்திருக்காங்கன்னு அம்புக்குறி போட்டுப் பார்த்தா வட்டம் தெரிஞ்சிடும். மெஷினே அதைக் கண்டுபிடிச்சு, ஒருத்தரைப் பலி கொடுத்து மத்தவங்களை விட்டுடும். போஸ்ட்கிரெஸ்ல ஒரு செஷன் 1 நொடி பூட்டுக்காகக் காத்திருந்தாலே, வட்டம் இருக்கான்னு தேட ஆரம்பிச்சிடும்.

ஆனா டீ குடிக்கப் போன டீம்மேட் கதையில வட்டம் கிடையாது. ஒருத்தர் பூட்டோட போயிட்டார், இன்னொருத்தர் நிக்கிறார், அவ்வளவுதான். போனவர் திரும்பி வருவாரா மாட்டாரான்னு மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அங்கே ரெண்டே வழிதான். ஒண்ணு டைம்அவுட்: மைஎஸ்க்யூஎல்-ல 50 நொடி காத்திருந்தும் பூட்டு கிடைக்கலைன்னா, காத்திருக்கிறவருக்கு எரர் வரும். இன்னொண்ணு, ஒரு மனுஷர் பொறுப்பு எடுத்து 'கில்' அடிக்கணும்.

அழிக்க முடிஞ்ச உளி

பட்டறையில உளி தவறி சிலையோட மூக்கு உடைஞ்சா உடைஞ்சதுதான். டேட்டாபேஸ்ல மட்டும் உடைஞ்ச மூக்கைத் திரும்ப ஒட்டலாம். டேட்டாவை மாத்துறதுக்கு முன்னாடியே பழைய மதிப்பு என்ன, புது மதிப்பு என்னன்னு லாக் ஃபைல்ல எழுதி வச்சிடணும். (இந்த 'லாக்' பூட்டு இல்ல, பதிவேடு.) நடுவுல கரண்ட் போனாலும் சரி, யாராவது கில் அடிச்சாலும் சரி, அந்தப் பதிவேட்டைப் பின்னாடி இருந்து படிச்சு ஒவ்வொண்ணா மாத்தி வச்சிடலாம். ஒரு டிரான்சாக்ஷன் முழுசா நடக்கணும், இல்லைன்னா நடக்கவே நடக்காத மாதிரி இருக்கணும். கிரே வாழ்நாள் முழுக்கக் கட்டினது இதைத்தான்.

1980-ல் டாண்டம் கம்பெனிக்கு மாறினார். நிக்காம ஓடணும்கிறதுக்காகவே கம்ப்யூட்டர் செய்ற கம்பெனி அது. கம்ப்யூட்டர்கள் ஏன் நின்னு போகுதுன்னு அங்கே கணக்கெடுத்து 1985-ல் ஒரு அறிக்கை எழுதினார். ஹார்ட்வேர்தான் வில்லன்னு எல்லாரும் நினைச்சுட்டிருந்தப்போ, ஆள் இயக்குறது, பராமரிக்கிறது, செட்டிங் மாத்துறது இதுலதான் 42 சதவீதம் கோளாறு வருதுன்னு காட்டினார். சாஃப்ட்வேர் பிழைகள்ல ஒரு வகை, திரும்ப ஓட்டினா காணாமப் போயிடும். அதை 'ஹைசன்பக்'னு அந்த அறிக்கையில சொன்னார். செஷனை கில் பண்ணிட்டு மறுபடி ஓட்டினா பல நேரம் வேலை செய்யுதே, அதுக்குக் காரணம் இது. பின்னால மைக்ரோசாஃப்ட் போனார், 1998-க்கான டூரிங் விருது வாங்கினார்.

ரெண்டுங்கெட்டான் நிலை

இப்போ கொஞ்சம் கஷ்டமான இடம். ரெண்டு டேட்டாபேஸ்ல ஒரே டிரான்சாக்ஷன் நடக்கணும். ஒருங்கிணைக்க ஒரு ஆள் இருப்பார். முதல்ல ரெண்டு பக்கமும் தயாரான்னு கேட்பார். ரெண்டும் தயார்னு சொன்னா, முடிச்சுடுங்கன்னு சொல்வார். இந்த டூ-ஃபேஸ் கமிட்டை கிரே 1978-ல் எழுதின குறிப்புகள்ல விளக்கியிருக்கார். சிக்கல் எங்கேன்னா, தயார்னு சொன்ன பிறகு அந்த ஒருங்கிணைப்பாளர் காணாமப் போயிட்டா? முடிக்கவும் உரிமை இல்லை, ரத்து பண்ணவும் உரிமை இல்லை. பூட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இந்த நிலைக்கு 'இன்-டவுட்'னு பேரு. 2006-ல் கிரேயும் லெஸ்லி லாம்போர்ட்டும் சேர்ந்து எழுதின கட்டுரை இதைப் பத்தினதுதான்: ஒருத்தர் காணாமப் போனாலும் மீதிப் பேர் சேர்ந்து முடிவுக்கு வர ஒரு வழி.

அடுத்த வருஷம், 2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. இறந்துபோன அம்மாவின் அஸ்தியைக் கடல்ல கரைக்கிறதுக்காக, 'டெனேஷியஸ்'ங்கிற 40 அடி பாய்மரப் படகுல கிரே தனியா கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே ஃபாரலான் தீவுகள் பக்கம். வானிலை நல்லாத்தான் இருந்தது. அவர் திரும்பி வரல. ஆபத்துன்னு ஒரு அழைப்புகூட வரல.

கடலோரக் காவல்படை சில நாள் தேடிட்டு பிப்ரவரி 1-ல் நிறுத்திடுச்சு. நண்பர்கள் விடல. சேட்டிலைட் படங்களைத் துண்டு துண்டா வெட்டி அமேசானின் 'மெக்கானிக்கல் டர்க்' தளத்துல போட்டாங்க. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்குக் கொஞ்சமா பார்த்தாங்க, ஒரு வெள்ளைப் புள்ளி கிடைக்குமான்னு. பிறகு கடலடியிலயும் சோனார் வச்சுத் தேடினாங்க. ஒரு பலகைகூடக் கிடைக்கல.

2008 மே மாசம் பெர்க்லியில் அவருக்காக எல்லாரும் கூடினாங்க. அஞ்சலிக் கூட்டம்னு சொல்லாம, பாராட்டு விழாவாத்தான் நடத்தினாங்க, ஏன்னா அவர் இறந்துட்டார்னு யாராலயும் சொல்ல முடியல. அவர் மனைவி டோனா கார்ன்ஸ் அஞ்சு வருஷம் காத்திருந்தாங்க. கலிஃபோர்னியா சட்டத்துல அந்தக் காத்திருப்புக்கு எல்லை அஞ்சு வருஷம். 2012-ல் நீதிமன்றம் அவரை இறந்தவர்னு அறிவிச்சது.

இந்தக் காத்திருப்பு நம்ம மாவட்டத்துக்குப் புதுசு கிடையாது. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ, குமரிக் கடற்கரைக் கிராமங்கள்ல இருந்து கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பல, உடலும் கிடைக்கல. நம்ம நாட்டுச் சட்டப்படி காணாமப் போனவரை இறந்தவரா கருத 7 வருஷம் ஆகணும். அதுவரை ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு, பிள்ளைங்க படிப்பு எல்லாம் 'இன்-டவுட்'. அவ்வளவு நாள் அந்தக் குடும்பங்களைக் காக்க வைக்காமத்தான் அப்போ அரசு நிவாரணம் கொடுத்தது. யாரோ ஒரு ஆபீஸர் ஃபைல்ல கையெழுத்துப் போட்டு அந்தப் பூட்டைத் திறந்திருப்பார். அந்தக் கையெழுத்துக்கு ரோல்பேக் கிடையாது. எத்தனை கனமா இருந்திருக்கும்!

கில் அடிக்கிறதுக்கு முன்னாடி

அதனால மக்கா, அடுத்த தடவை லேப்ல ஒரு செஷன் மாட்டிக்கிட்டா சட்டுனு கில் அடிச்சிடாதீங்க. வரிசையில முதல்ல நிக்கிறது யாருன்னு பாருங்க. நடுவுல நிக்கிறவரை வெட்டினா கூட்டம் கலையாது. அவர் நிஜமா வேலை செய்றாரா, இல்ல டிரான்சாக்ஷனைத் திறந்து வச்சுட்டு சும்மா இருக்காரான்னு பாருங்க. போஸ்ட்கிரெஸ் அதை 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்'னே காட்டிடும். முடிஞ்சா முதல்ல அந்த க்வெரியை மட்டும் கேன்சல் பண்ணுங்க, சும்மா கிடக்கிற செஷனா இருந்தா டெர்மினேட். மூணு மணி நேரம் ஓடின அப்டேட்டை வெட்டினா, அதைத் திருப்பி வைக்கவும் நேரம் ஆகும். பதறிப்போய் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினாலும் அந்த வேலை அப்படியே காத்திருக்கும். எல்லாத்துக்கும் முன்னாடி, ஃபோன் எடுத்து அந்த டீம்மேட்டைக் கூப்பிட்டுப் பாருங்க. கேன்டீன்லதான் இருப்பார்.