காமா பயில்வான்

காமா பயில்வான் (1878 – மே 23, 1960) பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற மற்போர் வீரர் ஆவார். இவரது இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஸ். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தோல்வி காணாதவராக இவர் அறியப்படுகிறார்.

இளமை

காஷ்மீர வழியினரான மல்லர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால் பாட்டனாரும் மாமனும் இவரை வளர்த்தனர். பத்து வயதில் ஜோத்பூரில் நடைபெற்ற உடல்வலுப் போட்டியில் நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்களுடன் கலந்துகொண்டு, கடைசிப் பதினைந்து பேருள் ஒருவராக நின்றார். பின்னர் ததியா மன்னரின் ஆதரவில் பயிற்சி பெற்றார். தண்டால், பஸ்கி ஆகியவை இவரது அன்றாடப் பயிற்சிகள்.

1895-இல் ஏறக்குறைய ஏழு அடி உயரமுடைய ரகீம் பக்ஸ் சுல்தானிவாலாவுடன் மோதினார். சுமார் ஐந்தடி ஏழு அங்குல உயரமே கொண்ட காமா தோற்பார் என்று பலர் எண்ணியிருக்க, போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இலண்டன் போட்டிகள்

1910-இல் தம்பி இமாம் பக்ஸுடன் இலண்டன் சென்றார். உயரம் குறைவு என்று போட்டியில் சேர்க்க மறுக்கப்பட்டதால், எந்த எடையுடைய மூவரையும் முப்பது நிமிடங்களில் வீழ்த்துவதாக வெளிப்படையாக அறைகூவல் விடுத்தார். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வென்ற பின்னர், செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோவைச் சந்தித்தார். ஜிபிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையில் குப்புறப் படுத்துத் தற்காத்துக் கொண்டதால், இரண்டரை மணி நேரத்திற்கும் மேல் நீடித்தும் முடிவு ஏற்படவில்லை. செப்டம்பர் 17 அன்று நடக்கவிருந்த மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. எனவே காமா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு, ஜான் புல் பட்டையைப் பெற்றார். நாடு திரும்பிய பின் அலகாபாத்தில் ரகீம் பக்ஸையும் வென்றார்.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று அமெரிக்காவின் ரீனோ நகரில், கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் மிகுஎடைக் குத்துச்சண்டையில் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸை வீழ்த்தியிருந்தார். வெள்ளையரே வலிமையில் மேலானவர் என்னும் கருத்தை இவ்விரு நிகழ்வுகளும் அசைத்தன. அடிமைப்பட்டிருந்த இந்திய மக்களுக்குக் காமாவின் வெற்றி பெருமிதம் அளித்தது.

1928-இல் பட்டியாலாவில் ஜிபிஸ்கோவுடன் மீண்டும் மோதினார். இலண்டனில் முடிவு காணாத போட்டி இம்முறை ஒரு நிமிடத்திற்குள் காமாவின் வெற்றியாக முடிந்தது.

பிற்கால வாழ்வு

1947 பிரிவினைக் கலவரத்தின்போது லாகூரில், தாம் வசித்த பகுதியிலிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்தவர்களைத் தடுத்து நின்று காத்தார். அவர்கள் பாதுகாப்பாக வெளியேறவும் உதவினார். இறுதிக் காலத்தில் நோயாலும் பொருள் நெருக்கடியாலும் துன்புற்று, 1960-இல் லாகூரில் காலமானார். பாக்கித்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப்பின் மனைவி குல்சூம் நவாஸ் இவரது பேத்தி ஆவார்.