மண்ணீரலில் ஊசி குத்தி விடை தேடிய மெட்ராஸ் டாக்டர்: யார் இந்த சார்லஸ் டோனோவன்?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு கிளினிக்கில் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால், ரிப்போர்ட் வர சில நாள் ஆகும். அந்தச் சதை ஃபார்மலினில் ஊறணும், ஆல்கஹாலில் நீர் வற்றணும், மெழுகில் பதியணும், சில மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு சாயம் ஏறணும். சரி, இத்தனைக்கும் அப்புறம் ஸ்லைடில் தெரிவது உடம்பில் நிஜமாகவே இருந்ததா? இல்லை, சாவும் ரசாயனமும் சேர்ந்து உண்டாக்கியதா?

1903-ல் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் இதே கேள்வி டோனோவன் முன்னால் வந்து நின்றது. கல்கத்தாவில் 1863-ல் பிறந்த ஐரிஷ்காரர் அவர். டப்ளினில் மருத்துவம் படித்து, 1891-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பாடமும் எடுத்தார்.

அப்போது குயினைனுக்கு அடங்காத ஒரு காய்ச்சல் இருந்தது. மண்ணீரல் வீங்கி, உடம்பு வற்றி, ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். கேஸ் ஷீட்டில் 'நாள்பட்ட மலேரியா' என்று எழுதிவிடுவார்கள். அப்படி இறந்த மூன்று பேரின் மண்ணீரல் பூச்சில் டோனோவன் முட்டை வடிவத்தில் நுண்ணிய உருவங்களைப் பார்த்தார்.

அதே உருவங்களை வில்லியம் லீஷ்மன் ஏற்கெனவே பார்த்திருந்தார். டம்டமில் இருந்துவிட்டு 1900-ல் இங்கிலாந்தில் இறந்த சிப்பாயின் மண்ணீரலில் கண்டதை அவர் 1903 மே மாதம் வெளியிட்டார். அவை செத்துச் சிதைந்த டிரிப்பனோசோம்களாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. சடலத்திலிருந்து எடுத்த திசு என்றால் இந்தச் சந்தேகம் கூடவே வரும். மெட்ராஸ் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ஜூன் 17 அன்று டோனோவன் செய்தது எளிமையானது, ஆபத்தானதும்கூட. காய்ச்சலில் கிடந்த 12 வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி ரத்தம் எடுத்தார். குத்திய இடத்தில் கசிவு நிற்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அதே உருவங்கள் அங்கேயும் இருந்தன. பையன் உயிரோடு இருந்தான். அழுகல் என்ற வாதம் அத்தோடு முடிந்தது. ஸ்லைடுகள் பாரிஸில் லாவெரானுக்கும், லிவர்பூலில் ரொனால்ட் ராஸுக்கும் போயின. முதலில் கண்டது யார் என்ற பஞ்சாயத்து ஒருபுறம் நடக்க, ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவானி என்று வைத்தார். காலா அசார் நோயின் கிருமி அதுதான். எம்பிபிஎஸ் மாணவர்கள் இன்றும் படிக்கும் 'எல்.டி. பாடி'யில் இருக்கும் 'டி' இவர்.

இதற்கு மெழுகு தேவைப்படவில்லை. ஸ்லைடில் பூசி, ஆல்கஹாலில் நிலைப்படுத்தி, மெத்திலீன் நீலமும் ஈயோசினும் சேர்ந்த ரொமனோவ்ஸ்கி வகைச் சாயம் ஏற்றினால் உட்கருவும் பக்கத்தில் குச்சி போன்ற புள்ளியும் தெரியும். மெழுகுச் சீவலில் செல்கள் சுருங்கிவிடுவதால் அந்தக் குச்சியைக் கண்டுபிடிப்பதே சிரமம். அதன் விலையை பனாமாவில் சாமுவேல் டார்லிங் கொடுத்தார். 1905 கடைசியில் அவர் கண்ட உருவங்கள் லீஷ்மேனியா போலவே இருந்ததால், ஒட்டுண்ணி என்றே நினைத்தார். செல் சுருங்கியதால் விழுந்த வெற்றிடம் அவருக்கு உறை போலத் தெரிந்தது. அது பூஞ்சை என்று சில வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற தப்பான பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டோனோவன் ஓய்வுபெற்றபின் அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளைப் பட்டியலிட்டார். காலா அசாரைப் பரப்புவது மணல் ஈதான் என்பது 1942-ல் உறுதியானபோது அவர் உயிரோடு இருந்தார். 1951-ல் காலமானார்.